அத்தை போட்ட கெய்ரே

கரி பஸ்ஸின் புகை மூக்கில் ஏறினால் தொண்டை வரைக்கும் எரியும். சண்டை முடிந்த பிறகும் பெட்ரோல் சரியாகக் கிடைக்காத காலம் அது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதன் காற்றுச் சக்கரத்தை ஒருவர் வியர்க்க விறுவிறுக்கச் சுற்றிக் கனலேற்றிய பிறகுதான் வண்டி மனது வைத்து நகரும். அதில் அப்பாவும், பாவாடை கசங்கிய நானும், மலாயாவிலிருந்து அப்போதுதான் கப்பலேறி வந்திருந்த என் அத்தையும் உட்கார்ந்திருந்தோம்.

அத்தை ஜப்பான்காரன் ஆண்டபோது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவள். அங்கே பக்கத்து ஊருக்குப் போவதற்கும் பட்டாளத்தான் கொடுக்கும் சீட்டு வேண்டும். பாலத்துக்குப் பாலம் துப்பாக்கியோடு நிற்கும் காவல்காரன் முன்னால் இடுப்பு வளையக் குனிய வேண்டும். குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். அந்த உத்தரவுக்கு "கெய்ரே" என்று பெயராம். கண் மங்கலான மாமா, கொடியில் காய்ந்த காக்கிச் சட்டைக்கும் ஒரு "கெய்ரே" போட்டுவிட்டு வந்த கதையைச் சொல்லி அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த மாமாவைத்தான் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்தான். போனவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதே பாதையில் வேலை செய்த ஒருவர் செட்டிகுளத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மாமா உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கத்தான் இந்தப் பயணம்.

அரியலூரைத் தாண்டுவதற்குள் காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர் எங்களிடம் வந்தார். அவ்வளவுதான். அத்தை விருட்டென்று எழுந்து, "கெய்ரே! குனி புள்ள, குனி!" என்று என் பிடரியையும் சேர்த்து அமுக்கினாள்.

"கீரையா? கீரைக்கட்டுக்கு லக்கேஜ் போடணும்ங்க. எங்க வச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் தானும் குனிந்து சீட்டுக்கடியில் துழாவ ஆரம்பித்தார்.

பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "முருங்கக்கீரையா இருந்தா நமக்கு ஒரு கட்டு குடுங்க" என்றார்.

"அது கீரை இல்லீங்க, கும்பிடு" என்று அப்பா சொன்னதைக் கண்டக்டர் கடைசி வரை நம்பவில்லை. பெரம்பலூர் வரும்வரை எங்கள் மூட்டைமேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் வந்தார்.

இறங்கியதும் எதிரே காக்கி உடுப்பில் வந்த தபால்காரருக்கு ஒரு கெய்ரே விழுந்தது. அவர் பயந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

"அண்ணே, நீ மரமாட்டம் நிக்கிறியே, அறஞ்சிப்புடுவான்!" என்று அத்தை பதறினாள்.

"அவன் தபால்காரன் ஆத்தா. லெட்டர் வல்லன்னா நாமதான் அவனத் திட்டணும்" என்றார் அப்பா.

செட்டிகுளத்துக்கு மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் தேடி வந்தவர் காக்கி அரைக்கால் சட்டையோடு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்ததும் குனிந்தாள். அவரும் கோடாலியைப் போட்டுவிட்டுக் குனிந்தார். இரண்டு பெரிய மனிதர்கள் எதிரெதிரே வளைந்து நிற்க, யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்பா மாமாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லி, "இது அவரு சம்சாரம்ங்க" என்றார்.

அத்தை நிமிர்ந்தாள். அவர் நிமிரவில்லை.

தரையைப் பார்த்தபடியே, "அண்ணன் போயிட்டாருங்க அக்கா. காய்ச்சல் கண்டு படுத்தாரு, எந்திரிக்கல. நாங்கதான் பொதச்சோம்" என்றார்.

அத்தை கிட்டப் போய் அவர் தோளைத் தொட்டு, "நிமிருங்க தம்பி. போதும் குனிஞ்சது" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் அழுதேன்.

அன்றோடு அத்தை யாருக்கும் குனிவதை விட்டுவிட்டாள். இன்று கரி பஸ்ஸும் இல்லை, அத்தையும் அப்பாவும் இல்லை, செட்டிகுளத்துக்காரரும் இல்லை. மாமாவைப் புதைத்த இடம் எதுவென்று அன்று அவரிடம் கேட்டிருக்கலாம். எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இனிமேல் கேட்பதற்கும் ஆள் கிடையாது.