ஓடிபி சொல்லும் நேரம்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. 'ஜாக்கிரதை சார்' என்றால்தான் தெரியும். வங்கியின் கார்டு பாதுகாப்புப் பிரிவில் எனக்கு எதிர் மேசை அவருடையது. காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றும்வரை ஒரே பாட்டுத்தான். "உங்க போனுக்கு வர்ற ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேங்க்லேர்ந்து பேசறோம்னாலும் சொல்லாதீங்க. பெத்த பிள்ளை கேட்டாலும் சொல்லாதீங்க. ஜாக்கிரதை." கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்துவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

எங்களுக்கு வருவதில் பெரும்பாதி சாப்பாட்டு வழக்குதான். பசியில் இருப்பவர்களுக்கு நிதானம் கிடையாது என்பது என் அனுபவம். ஆர்டர் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து எவனாவது கூப்பிட்டு, "உங்க ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு, பணம் திரும்ப வரணும்னா நம்பரைச் சொல்லுங்க" என்பான். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். அப்புறம் எங்களிடம் அழுவார்கள். நானாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். எனக்கு வாய்த்த பொறுமை அவ்வளவுதான். அவர் கேட்கமாட்டார். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, கார்டை எப்படி முடக்குவது, ஆப்பில் சேமித்து வைத்த கார்டை எப்படி நீக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். ஒருமுறை ஒரு அம்மாள், "உங்ககூட பேசிக்கிட்டு இருந்ததுல சூப் ஆறிப்போச்சு தம்பி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தம்பிக்குத் தலை முழுக்க நரை.

அப்படிப்பட்ட வாய், ஹெட்போனைக் கழற்றியதும் பூட்டிக்கொள்ளும். இடைவேளையில் நாங்கள் ஊர்வம்பு பேசிச் சிரிப்போம். அவர் பாட்டுக்கு டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். "என்ன சார், வீட்டுல எல்லாம் எப்படி?" என்று கேட்டால், "இருக்கு" என்பார். வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊரில் இருந்தாள். மாலையானால் மட்டும் அவரிடம் ஒரு மாற்றம் தெரியும். போனை எடுத்து மேசையில் மல்லாக்க வைத்துக்கொள்வார். அது அடித்ததும் எழுந்து மாடிப்படிப் பக்கம் போவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். அன்றைக்கு மிச்சமிருக்கும் வேலையை முகம் தெளிந்து செய்வார். வயதான காலத்தில் யாரையோ துணையாகத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நாங்கள் எங்களுக்குள் கிசுகிசுத்தோம். நரம்பில்லாத நாக்குதானே.

ஒருநாள் பிற்பகல் என் திரையில் ஒரு கார்டு சிவப்பாக வந்து நின்றது. தொலைவில் உள்ள ஓர் ஊரில், ஒரே சாப்பாட்டு ஆப்பில், தினமும் மாலையில் ஒரு சின்ன ஆர்டர். ஒரே ஒரு டீ என்கிற அளவுக்குத் தொகை. அந்த டீயின் விலையைவிட அதைக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி அதிகம். இப்படிச் செய்பவர்களை எங்களுக்குத் தெரியும். திருடர்கள் பெரிதாகக் கைவைப்பதற்குமுன் சில்லறைத் தொகை போட்டு கார்டு உயிரோடு இருக்கிறதா என்று நோட்டம் பார்ப்பார்கள். போதாததற்கு, ஓடிபி போகும் போன் எங்கள் ஊரில் இருக்கிறது. ஆர்டர் அங்கே நடக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் தினமும் எண்ணை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

விதிப்படி வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் திரையில் பெயர் காட்டாது; பொத்தானைத் தட்டிக் கூப்பிட்டேன். எதிர் மேசையில் போன் அடித்தது.

அவர் எடுத்து, "ஹலோ" என்றார். அந்த ஹலோ என் ஹெட்போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் போனை வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று டீ குடிக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மேசை, நாலு நாற்காலி, எப்போதும் சொட்டும் ஒரு குழாய். ஆள் யாருமில்லை.

"அந்த ஆர்டரெல்லாம் யாரு சார் போடறது?"

"என் பொண்ணு."

"ஓடிபி?"

மென்று முழுங்கினார். "நான்தான் சொல்லுவேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று வாய்வரை வந்துவிட்டது. பாதியைச் சொல்லியும்விட்டேன். "நாள் முழுக்க எத்தனை பேர்கிட்ட சார் சொல்றீங்க, பெத்த பிள்ளை கேட்டாலும் சொல்லாதீங்கன்னு. வேலியே பயிரை மேயலாமா? அவங்க பேர்லயே இன்னொரு கார்டு போட்டுக் குடுத்தா ஓடிபி நேரா அவங்க போனுக்கே போயிடுமே. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

அவர் சொட்டும் குழாயைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். ஹெட்போன் இல்லாமல் அவர் அத்தனை நேரம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் எனக்கும் பொண்ணுக்கும் நடுவுல அவதான் தபால்காரி. 'அப்பா சாப்பிட்டாரான்னு கேளு', 'அவ வந்துட்டாளான்னு கேளு', இப்படியே ஓடிடுச்சு. அவ போனப்புறம் ரெண்டு பேருக்கும் பேசத் தெரியல. வேலை கிடைச்சு பொண்ணு கிளம்பினா. என்னென்னமோ சொல்லணும்னு இருந்துச்சு. அவ போனை வாங்கி அந்த ஆப்ல என் கார்டைப் போட்டேன். 'பட்டினி கிடக்காதே'ன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு. அதுலேர்ந்து சாயங்காலம் ஆனா கூப்பிடுவா. 'அப்பா, நம்பர்'னுவா. சொல்லுவேன். 'சரிப்பா'ன்னு வச்சிடுவா. அந்தக் குரலுக்காகத்தான் மேடம் காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். இன்னொரு கார்டு குடுத்தா அதுவும் போயிடும்."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் விதி விதிதான். ஓடிபி கைமாறிய கார்டை மூடாமல் விட்டால் என் வேலைக்கு உலை. அதைச் சொன்னேன்.

"மூடிடுங்க" என்றார். "இன்னிக்குச் சாயங்காலம் மட்டும் அவ கூப்பிடட்டும். நானே சொல்லிடறேன். அப்புறம் மூடுங்க." பிறகு வேறு ஏதோ நினைவு வந்தவராக, "ஒரு டீக்கு மேல வாங்கவே மாட்டேங்கறா. அப்பன் காசுன்னு கூசுறா போலிருக்கு. வயித்தைக் காயப்போடறாளோன்னு ராத்திரில தூக்கம் வராது" என்றார்.

மாலையில் அதே அறைக்குப் போய் உட்கார்ந்தோம். நான் வேண்டாமென்றேன். அவர்தான், "நீங்க இருங்க, இல்லேன்னா நான் சொல்லாம விட்டுடுவேன்" என்றார். வருடக்கணக்காக ஹெட்போன் மாட்டி அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். முதலில் ஓடிபி வந்தது. உடனே போன் அடித்தது.

"அப்பா, நம்பர்."

"சொல்றேன். ஏழு." நிறுத்தினார். "எழுதிக்கிட்டியா?"

"உம்."

"மூணு." அதற்குப் பிறகு இன்னொரு நிறுத்தம். "ஒண்ணு."

ஆறில் மூன்று ஆகிவிட்டது. நாலாவது எண்ணைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. அந்தப் பக்கம் எங்கோ வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"அப்பா, மிச்சம்? நேரம் முடிஞ்சிடும்."

"முடியட்டும்மா. இந்தக் கார்டை இன்னிக்கோட மூடறாங்க. நம்பரைச் சொல்லக்கூடாதுல்ல, கண்டுபிடிச்சுட்டாங்க. உன் பேர்ல வேற கார்டு போட்டு அனுப்பறேன். இனிமே நம்பர் உனக்கே வந்துடும். எனக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல." வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டார். கைகள் இரண்டும் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

வைத்துவிட்டாளோ என்று அவர் குனிந்து திரையைப் பார்த்தார். வைக்கவில்லை.

"எனக்கு வேற கார்டு வேண்டாம்பா" என்றாள். "என்கிட்ட கார்டு இருக்கு. வேலைல சேர்ந்த மாசமே குடுத்துட்டாங்க. சாப்பாடெல்லாம் அதுலதான் வாங்கறேன்."

"அப்ப இது?"

"டீ மட்டும்தான் உங்க கார்டுல."

"ஏம்மா?"

மறுபடியும் வண்டிச் சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நம்பர் வேணும்னு கூப்பிட்டா நீங்க எடுத்ததும் பேசுவீங்கப்பா. சும்மா கூப்பிட்டா 'என்ன விஷயம்'னு கேப்பீங்க. என்கிட்ட விஷயம்னு ஒண்ணும் இருக்காது."

நான் எழுந்துவிட்டேன். அவரைப் பார்க்கவில்லை. எங்களுக்கே தெரியாத ஏதோ ஒரு திருட்டை அவர்கள் இருவரும் இரண்டு பக்கமிருந்தும் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, இருக்கீங்களா? டீ இன்னிக்கு வேண்டாம், விடுங்க. வச்சிடறேன்."

நான் கதவுவரை வந்திருந்தேன்.

"வைக்காதே" என்றார் அவர். "ஒரு விஷயமும் இல்ல. வைக்காதம்மா."