அங்குல போல்ட்டும் கம்பளிக் கொழுப்பும்

ஆயிரக்கணக்கான போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் அதிபதியாக இருந்த காலத்தில், என் சொந்தக் காரின் முன்பக்க மட்கார்டைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் அதிகாரி நான். அளவுவாரியாகப் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டை மாட்டி, எண்பதுகளில் எங்கள் ஸ்டோர்ஸைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பெருமூச்சு விடும்படி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட என் காருக்குச் சேராது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது.

கார் ஐம்பதுகளில் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. பெங்களூரில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், நான் அதை மீட்டேன். லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்த என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "இதை எரிக்கணுமா, புதைக்கணுமா?"

நான் மனம் தளரவில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளையெல்லாம் அறுத்து எறிந்தேன். கடையில் மில்லிமீட்டர் அளவில் பளபளக்கும் புது போல்ட்டுகளாக வாங்கி வந்தேன். அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்துச் சீமைக் காருக்கு எல்லாமே அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் போல்ட் அந்த ஓட்டைக்குள் முதல் இரண்டு சுற்று மிகுந்த மரியாதையுடன் போகும். மூன்றாவது சுற்றில் நின்றுவிடும். படித்தவன் அங்கே நிறுத்துவான். நான் நிறையப் படித்தவன். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்றேன். போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்தது. இப்படி எத்தனை தலைகள் வந்தன என்பதை என் மனைவி கணக்கு வைத்திருந்தாள், நான் கேட்கவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூர் என்று பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தும் அங்குல போல்ட் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலம் பக்கம் ஸ்கூட்டரில் போனபோது, சாலையோரக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சீமை ஆயில் இஞ்சின் நிற்பதைப் பார்த்தேன். கரண்ட் வருவதற்கு முன்னால் தண்ணீர் இறைத்தது. மோட்டார் வந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். கிரீஸ் பிசுக்கைச் சுரண்டினால் உள்ளே போல்ட்டுகள் துருவே இல்லாமல் கன்னங்கரேலென்று இருந்தன. பையில் இருந்த என் கார் நட்டு ஒன்றை எடுத்து ஒரு போல்ட்டின் நுனியில் பொருத்திச் சுற்றினேன். மூன்றாவது சுற்றும் போனது. நான்காவதும் போனது. நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும்.

"யாரு சார் அது, எங்க இஞ்சினு மேல ஏறிக்கினு சிரிக்கறது?"

நிலத்துக்காரர். கையில் மண்வெட்டி. நான் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். விலை கேட்டேன். அவர் என்னையும் இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போல்ட்டுக்கு இன்னாத்துக்கு சார் காசு? கழட்டிக்கினு போங்க. கார் வெச்சிருக்கேன்னீங்களே, அத மட்டும் ஒரு நாளைக்குக் குடுங்க."

அவருடைய இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் "வந்துரும்" என்று சொல்லிவிட்டார். பெரிய முகூர்த்தம், ஓசூரில் ஒரு வாடகைக் காரும் மிச்சமில்லை.

"கார் வரலேன்னா மாப்ளையோட அப்பா ஊரு பூரா சொல்லிக் காட்டுவாரு சார். எம் பொண்ணு அங்க போயி வாழணும்."

"என் கார் இன்னும் ஓடற நிலைமையில இல்லைங்க."

"இந்த போல்ட்டு போட்டா ஓடும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து இஞ்சினைக் கழற்றினோம்.

போல்ட்டுகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. அடுத்த கவலை துரு. ஓசூர்ச் சாரலில் இரும்பை நம்பி வெளியே விட முடியாது. காலையில் சுரண்டிய இடம் சாயங்காலம் செம்மண் நிறத்தில் சிரிக்கும். ஆட்டு ரோமத்தில் ஊறியிருக்கும் கொழுப்பைப் பூசினால் இரும்பு துருப்பிடிக்காது என்று எங்கோ படித்திருந்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கம்பளி நெய்கிறவர்களிடமிருந்து அலசாத ரோமத்தைச் சாக்கு மூட்டையில் வாங்கி வந்து, கொல்லையில் அண்டாவில் கொதிக்கவைத்து, மேலே மிதந்ததை வழித்தேன்.

"என்னங்க, இது வீடா, ஆட்டுப்பட்டியா?" என்றாள் மனைவி. அந்த அண்டாவை அவள் மறுபடி வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

காரின் அடிவயிறு முழுக்க, மட்கார்டின் உள்பக்கம், ஒவ்வொரு போல்ட்டின் தலை, ஒன்று விடாமல் பூசினேன். சைலன்சரையும் விட்டுவைக்கவில்லை. பாதுகாப்பு என்றால் முழுப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் அல்லவா?

அழைப்பு அன்று சாயங்காலம் ஊர் எல்லைக் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டேன். பக்கத்தில் அவருடைய அப்பா, பட்டுத் துண்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக. முன்னால் பேண்டு செட். நடை வேகத்தில் வண்டி உருண்டது. எல்லோரும் பேண்டு வாத்தியம் கேட்டார்கள். நான் போல்ட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிடுகிடுப்பு இல்லை. மட்கார்டு இமைகூட அசைக்கவில்லை.

பாதி வழியில் சைலன்சர் சூடேறியது. கொழுப்பு மெல்ல உருக ஆரம்பித்தது. முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு அதன் சொந்தபந்தங்கள். பந்தலை நெருங்கும்போது ஊர் நாய்கள் அத்தனையும் காருக்குப் பின்னால், முகத்தை உயர்த்தி, மிகுந்த ஒழுங்குடன் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடி மூச்சை நன்றாக உள்ளிழுத்தார். மல்லிகை வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தல் வாசலில் நிலத்துக்காரர் நின்றிருந்தார். கார் முழுசாக, எல்லா உறுப்புகளோடும் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் தோள் இறங்கியது. மாப்பிள்ளைக்கு மாலை போடுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அன்றைக்கு நான் இருந்த நிறைவில், இன்னொரு பழைய கார் வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, சம்பந்திகள் இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாராட்டு வாங்குகிறவன் நிற்கிற மாதிரி அருகில் போய் நின்றேன். ஏதோ மனத்தாங்கலில் இருப்பவர் போல ஆனேக்கல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சம்பந்தி, காரு சொன்னபடி வந்துச்சு, அதுல ஒண்ணும் கொறை இல்ல" என்றார் நிலத்துக்காரரிடம். நிலத்துக்காரர் முகம் மலர்ந்தது. பிறகு ஆனேக்கல்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஆனா சார், ஊர்வலம் பூரா ஆட்டுக்கறி வறுக்கற வாசனைய காட்டிக்கினே வந்துட்டு, கடைசியில எலையில பூசணிக்கா சாம்பார் ஊத்தினீங்க பாருங்க, அத மட்டும் எங்க ஆளுங்களால மன்னிக்க முடியல."