ஏசிப்பேசி எழுதின சிபாரிசுக் கடிதம்

என் தங்கச்சி குளிர் நாட்டுக்குப் போய் மூன்று வருசமாகிறது. அவளை நினைத்தால் எனக்கு விமான நிலையம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கல்முனையில் என் தட்டச்சுக் கடையில், போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில், காலை மடக்கிக்கொண்டு அவள் இருந்த அந்த இரண்டு மாதந்தான் வருகிறது. பெரியவர்களான பிறகு காக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் இருவரும் அவ்வளவு கதைத்தது அப்போதுதான்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கத்தாருக்கும் குவைத்துக்கும் சனங்களுக்குப் படிவம் நிரப்பி நிரப்பியே இங்கிலீசு பிடித்தவன். கடை திறப்பதே சனங்கள் சொல்வதைக் கேட்கத்தான் என்று உம்மா பகிடி பண்ணுவா. பொய்யில்லை. ஒரு மனிசி ஒருநாள், "எங்கட அவர் சவூதிக்குப் போய் கன வருசம், இப்ப போனுக்குள்ளதான் குடியிரிக்கார்" என்றா. அப்படிச் சொல்லுகளை எழுதிவைக்கத் தனிக் கொப்பியே வைத்திருந்தேன்.

தங்கச்சியின் விசா நான் அதுவரை காணாத விசா. முதலாளி தேவையில்லை, ஏஜென்சி தேவையில்லை. இந்த ஆளிடம் அபூர்வமான திறமை இருக்கிறது என்று காட்டினால் வா என்று கூப்பிடுகிறார்கள். அவள் எஞ்சினியர். நிந்தவூர்ப் பக்கம் கடலோடு ஒட்டின வயல்களுக்குள் உப்புத்தண்ணீர் ஏறினால் வெள்ளாமை கருகிப்போகும். அவள் செய்த சின்னப் பெட்டி வாய்க்காலுக்குள் கிடந்து உப்பை அளந்து, விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். அந்தப் பெட்டிதான் அவளுடைய திறமைக்குச் சாட்சி.

வாப்பாவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் விசா என்றால் திரும்பி வருவேன் என்று நிரூபிப்பதுதான். ஒருநாள் காலை அவர் ஒரு தடித்த பைலோடு கடைக்கு வந்தார். கிராம சேவகரின் நற்சான்று. பள்ளிவாசல் கடிதம்: 'ஒழுக்கமுள்ளவர், எந்தக் குழப்பத்திலும் சம்பந்தப்படாதவர்.' எல்லாவற்றுக்கும் மேலே, தங்கச்சிக்கென்று கட்டின வீட்டின் உறுதிப் பத்திரம். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் அந்த உறுதியைத் தொழுகைப் பாய் மாதிரித் தட்டி விரித்து வைத்தார்.

"வாப்பா, இதெல்லாம் தேவல்ல" என்றாள் தங்கச்சி. "திரும்பி வருவனா எண்டு அவங்க கேக்கவே இல்ல."

வாப்பா அவளைப் பார்த்தார்.

"அப்ப, திரும்பி வரத் தேவல்லயா?"

அவர் உறுதியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் விசாக் கதையே எடுப்பதில்லை. தங்கச்சி என்னிடம், "வாப்பா வாயால ஓம் எண்டு சொல்லாம நான் இத அனுப்ப மாட்டன் காக்கா" என்றாள். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு ஏழே நாள்தான் இருந்தது.

பேராசிரியர்கள் இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம் வந்துவிட்டது. பெட்டியை உபயோகிக்கிறவர்களின் கடிதம் ஒன்றுதான் பாக்கி. நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல் சேர்ந்ததை வட்டை என்போம். அதற்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டைவிதானை. அவரே கையெழுத்து வைத்தால் நல்லது என்று, நான் முந்திக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். 'ஈடிணையற்ற மேதை', 'இப்பிரதேசத்தின் விடிவெள்ளி'. எழுதிவிட்டு எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

நானும் தங்கச்சியும் போனபோது விதானையார் வயல் வரம்பில் குந்தியிருந்து, மண்வெட்டியில் ஒட்டின சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். அவர் முகம் கறுத்தது.

"என்ன தம்பி இது? இப்புடியெல்லாம் எழுதினா புள்ளைக்கு நாவூறு கண்ணூறு படாதா? ஒங்கட சொந்தத் தங்கச்சிதானே அது? நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

"விதானையார், புகழ்ந்து எழுதினாத்தான் விசா கிடைக்கும்."

"அப்ப வேற ஆளப் பாருங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்டு வந்தா நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும்."

பின்னால் நின்ற தங்கச்சி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காத புள்ள! ஒன்னால எங்கட நாக்குக்கு வேல இல்லாமப் போச்சி. முந்தி நாங்க தண்ணிய வாயில வச்சிப் பாத்து உப்பு எண்டு சொல்லுவம். இப்ப ஆரும் எங்கிட்டக் கேக்கிறல்ல, போனப் பாக்கானுகள். சுபஹுத் தொழுகைக்கு முதலே அந்தப் போன் கிடந்து கத்துது, மனிசன் படுக்க ஏலுமா? ரெண்டு போகமா ஒரு வயலும் கருகல்ல. அதால பக்கத்து வட்டையானுகள் எங்களுக்கும் பெட்டி வேணும் எண்டு என்ட வாசல்ல வந்து சண்ட. பெட்டி மழைக்குப் பழுதாகினா இவ காய்ச்சலோடயும் வந்து சேத்துக்குள்ள இறங்குறா. கரைக்கு ஏறு எண்டா கேக்கிறல்ல. சொல் கேக்காத புள்ள!"

நான் கொப்பியை எடுத்து ஒரு சொல் விடாமல் எழுதினேன். பிறகு திருப்பி வாசித்துக் காட்டினேன்.

"ஓம், இது சரி" என்றார். "இதுல ஒரு புகழ்ச்சியும் இல்ல." கையை உடுப்பில் துடைத்துவிட்டு, எழுத்தெழுத்தாகக் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா கடைப்பக்கம் வந்தார். இங்கிலீசாக்குவதற்காகக் கடிதம் மேசையில் கிடந்தது. "என்ன அது?" என்றார். வாசித்தேன். 'நாக்குக்கு வேல இல்லாமப் போச்சி' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தார். 'காய்ச்சலோடயும் வந்து சேத்துக்குள்ள இறங்குறா' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாதே" என்றார். "கம்பியூட்டர்ல என்னமோ செய்யிறா எண்டுதான் நினைச்சிரிந்தன்."

திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தலைத் தொப்பியைக் கழற்றி, மடித்து, மறுபடி போட்டார்.

"அந்த மனிசன் ஆருக்கும் இவ்வளவு நேரம் ஏசி நான் கேட்டதில்ல" என்றார். "அனுப்பு மகன். நானும் ஓம்தான் எண்டு அவக்கிட்டச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களன் வாப்பா."

அவர் சைக்கிளை எடுத்தார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டில் தங்கச்சி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாப்பா குசினி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அங்க சரியான குளிராமே மகள்," என்றார். "ரெண்டு போர்வ போதுமா?"