ஒழுகாம ஒரு நாள்

மக பேச்சியம்மாளுக்கும் மகன் முத்துவுக்கும் அப்பா எழுதுதேன்.

போன மாசம் வீட்டுல விளக்கேத்தும்போது பேச்சி, நீ ஒண்ணு கேட்ட. "சுடலைக்கு இத்தனை வருசம் ஆடுனியே, அவரு ஒனக்கு என்னப்பா செஞ்சாரு?" நான் பதில் சொல்லாம காத்தடிக்கிற பம்பை எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிட்டேன். பதில் இல்லாம இல்லம்மா. வாயால சொன்னா அழுதுருவேன்னு பயம். அதான் எழுதுதேன். நான் எட்டாங்கிளாசு வரைக்கும்தான். தப்பு இருந்தா திருத்திப் படிங்க. நம்ம கோவிலுக்கு வரி குடுக்குற வரிதாரங்கள்ல யாருக்காவது என்னை மாதிரி கஷ்டம் வந்தா அவங்ககிட்டயும் இதைக் குடுங்க.

எனக்கு மலத்துல ரத்தம் போக ஆரம்பிச்சது ஒரு ஆனி மாசம். மூலம்னு நெனச்சு துத்திக்கீரை வதக்கித் தின்னேன். நிக்கல. ஒங்க பெரியப்பா, என் கூடப்பிறந்த அண்ணன், திருநவேலியில தனக்குத் தெரிஞ்ச ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. "கை வச்சா சுத்தமா முடிக்கிற டாக்டர்லே, நீ பேசாம வா"ன்னாரு. அப்பா செத்ததுல இருந்து அவரு சொல்லி நான் எதையும் மறுத்தது இல்ல. போனேன்.

மலக்குடல்ல புத்துநோய்னு சொன்னாங்க. அந்த இடத்தை வெட்டி எடுக்கணும். வயித்துல ஒரு ஓட்டை போட்டு குடலை அதுவழியா வெளிய விட்டு, அதுமேல ஒரு பையை ஒட்டணும். மலம் அந்தப் பையிலதான் விழும். நான் பயந்துட்டேன். சாவு பயம் இல்ல. நம்ம குடும்பக் கோவில்ல சுடலைமாடனுக்குச் சாமியாடுற கோமரத்தாடி நான். சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு, மணி கோத்த அரைக்கால் சட்டை, அந்தச் சல்லடத்தை மாட்டி, இடுப்புல கச்சையை இறுக்கிக் கட்டினா சாமி என் மேலதான் இறங்கும். எங்க அப்பா மேல வந்த சாமி. மலப்பையைக் கட்டிக்கிட்டு நான் எப்படி கச்சை கட்டுறது?

அதனால டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சார், சித்திரைக்குள்ள குடலைத் திரும்ப உள்ள வச்சிருவீங்களா?"

டாக்டர் என்னைப் பாக்கல. அண்ணனைப் பாத்தாரு. அண்ணன்தான் பதில் சொன்னாரு. "வைக்காம என்னலே, நாலஞ்சு மாசத்துல வச்சிருவாங்க." டாக்டர் என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு. அந்தத் தட்டை நம்பித்தான் நான் ஆபரேசன் மேசையில படுத்தேன்.

முழிச்சுப் பாத்தா, ஓட்டை சரியா நான் வேட்டி கட்டுற இடத்துல இருந்தது. இடுப்பு மடிப்புக்குள்ள. நின்னா பை ஒட்டியிருக்கும். உக்காந்தா மடிப்பு விழுந்து ஒரு ஓரம் பிளந்துக்கிடும். நான் செய்யுறது சைக்கிள் கடை. நாள் முழுக்கக் குத்தவச்சே வேலை பாக்குறவன். டயரைக் கழத்தக் குனிவேன், வயிறு நனைஞ்சிரும். ஒங்கம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேட்டி அலசினான்னு அவளுக்கே தெரியாது. குடலும் மெல்ல மெல்ல உள்ள இழுத்துக்கிட்டது. சுத்தியுள்ள தோலு வெந்து சதை தெரிஞ்சது. தண்ணி பட்டா உயிர் போகும்.

நான் செஞ்ச கோட்டிக் கிறுக்கையும் எழுதிருதேன். ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுறவன், என் வயித்துல ஒரு பையை ஒட்ட முடியாதான்னு ஒரு ரோசம் வந்தது. ட்யூப் ஒட்டுற சொல்யூசனைத் தடவி ஒட்டினேன். ஒட்டத்தான் செஞ்சது. சாயந்திரம் பையைப் பிச்சப்ப தோலும் சேந்து வந்தது. நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடை டீ மாஸ்டர் ஓடி வந்து, "என்னவே, பாம்பு கடிச்சிட்டா?"ன்னு கேட்டாரு. "ஆமா, பாம்புதான்"னேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனேன். நர்சு பாத்துட்டு, "எல்லாருக்கும் ஒழுகத்தான் செய்யும், போகப் போகப் பழகிரும்"னு சொல்லிச்சு. டாக்டரைப் பாக்கணும்னு கேட்டா, அடுத்த மாசம் வாங்கன்னாங்க. அடுத்த மாசமும் அதையேதான் சொன்னாங்க. அண்ணன்கிட்ட வந்து அழுதேன். "ஒனக்குப் பொறுமையே கிடையாதுலே. உயிரைக் காப்பாத்துன மனுசனைக் குத்தம் சொல்லாத"ன்னாரு. சரி, நம்ம மேலதான் தப்புன்னு வாயை மூடிக்கிட்டேன். எப்படியும் சித்திரைக்குள்ள உள்ள வச்சிருவாங்கங்கிற நம்பிக்கைதான் என்னை ஓட்டிக்கிட்டு இருந்தது.

பங்குனி கடைசியில நம்ம தெரு டைலர் சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தான். சும்மா பேச்சுவாக்குல சொல்லுதான். "அண்ணாச்சி, சல்லடம் மாசானத்துக்கு இப்ப சரியா இருக்கா? அவனுக்கு இடுப்பு சின்னதுலா, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தச்சேன். பொங்கலுக்கே ஒங்க அண்ணன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே."

மாசானம் ஒங்க பெரியப்பா மகன். காத்தடிக்கிறதை நிப்பாட்டிட்டேன். அது நான் போடுற சல்லடம். சித்திரைக்குள்ள சரியாயிரும்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே, பொங்கலுக்கே அதைத் தன் மகன் இடுப்புக்குப் பிடிக்கக் குடுத்திருக்காரு என் அண்ணன்.

அன்னைக்கே போய்க் கேட்டேன். வாசல்ல நிப்பாட்டியே பேசினாரு. "இந்த வாடையோட நீ சாமி முன்னால நிக்கலாமாலே? தீட்டு ஆகாதா? வரிதாரங்க எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுனோம்." நானும் வரிதாரன்தான். என்னை யாரும் கூப்பிடல.

கொடை அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அம்மாகூட கோவிலுக்குப் போயிட்டீங்க. நான்தான் போகச் சொன்னேன். மதியக் கொடைக்கு மேளம் முழங்குது. வீட்டுக்குள்ள படுத்துக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். அந்த அடியைக் கேட்டா எங்க இருந்தாலும் என் கால் தன்னால எழும்பும். அன்னைக்கு எழும்பல. சாமி வரல. கட்டில்ல கெடந்த என்னை எட்டிக்கூடப் பாக்கல. அண்ணன் போனப்ப வலிச்சது. சாமியும் போயிட்டாரேங்கிறப்ப ஒண்ணுமே இல்லாம ஆயிட்டு. ஆத்துல போய் விழுந்துருவோமான்னு நெனச்சேன். இதை நான் ஒங்கம்மாகிட்டகூடச் சொன்னது இல்ல.

அப்பதான் வாய் விட்டுக் கத்தினேன். அதைப் பிரார்த்தனைன்னு சொல்லலாமான்னு தெரியல. "ஏ மாடா! ஒன்னைச் சுமந்தவன் நான். என்னை விட்டுட்டு அங்கன அவன் மேல ஏறி ஆடுதியா? ஆடு. எனக்குக் கச்சை வேண்டாம். என் குடலைக்கூட உள்ள வைக்க வேண்டாம். ஒழுகாம ஒரு நாள் குடு. ஒரே ஒரு நாள் என்னை மனுசன் மாதிரி உக்கார வை." அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. கேக்கத் தெம்பு இல்ல.

அந்த வாரமே, கடைக்குச் சாமான் வாங்க திருநவேலிக்குக் கிளம்பினேன். விக்கிரமசிங்கபுரத்துல பஸ் ஏறி சேரன்மகாதேவி வர்றதுக்குள்ள பை பிளந்துட்டு. வாடை பரவுது. பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான். கண்டக்டர் வந்து, "பெரியவரே, வயித்துக்கு முடியலன்னா வண்டியில ஏறலாமா வே?"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான். இறங்கிட்டேன்.

எனக்குப் பின்னாலயே ஒரு பொம்பளையும் இறங்கினா. அம்பது வயசு இருக்கும். நெத்தி நிறைய திருநீறு. கிட்ட வந்து மெதுவா கேட்டா.

"பை ஒழுகுதா அண்ணாச்சி?"

"என்ன பை?"ன்னேன் நான்.

"என்கிட்ட என்னத்துக்கு மறைக்கீக? எனக்கும் இருக்கு." சேலைக்கு மேல இடதுபக்கத்தை லேசா தட்டிக் காமிச்சா. "எம் மக கல்யாணத்துக்கு முந்தியே வச்சது. பந்தியில நாந்தான் ஓடி ஓடிப் பரிமாறுனேன். சம்பந்தக்காரங்க ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு நம்பவே முடியல. அவகிட்ட ஒரு வாடை இல்ல. "இப்ப எங்கருந்து வாறீக?"ன்னு கேட்டேன்.

"பாபநாசத்துல குளிச்சு சாமி கும்பிட்டுட்டு வாறேன்."

"கோவிலுக்கா? பையோடயா?"

"பின்ன, பஸ் ஸ்டாண்டுல கழத்தி வச்சுட்டா போவாக?" சிரிச்சா. "கோவிலுக்குள்ள நிக்கிற அத்தனை பேரு வயித்துலயும் அதானே அண்ணாச்சி இருக்கு? அவுகளுக்கு உள்ள இருக்கு. நமக்குக் கொஞ்சம் வெளிய இருக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்தது. பஸ் ஸ்டாண்டு கக்கூசுல நான் கழுவிட்டு வர்ற வரைக்கும் வெளிய நின்னா. அவ கூடையில இருந்து புதுப் பை ஒண்ணைக் குடுத்தா. பாளையங்கோட்டையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே பாக்குற ஒரு டாக்டரம்மா இருக்குறதா சொல்லி, எந்தக் கிழமை போகணும்னும் சொன்னா. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. பேரு கேக்க மறந்துட்டேன். வந்தது சாமியேதான்னு ஒங்கம்மா சொல்லுதா. எனக்கு அப்படித் தோணல. அவ மனுசிதான். சாமி அனுப்புன மனுசி.

அந்த டாக்டரம்மா என் வயித்தைப் பாத்ததும் முதல்ல கேட்டது, "இது என்ன பசை?"

"சைக்கிள் ட்யூபு ஒட்டுற சொல்யூசன்மா."

"ட்யூபுக்கு அது சரி. ஒங்க தோலு ட்யூபு இல்லையே அண்ணாச்சி"ன்னாங்க. பெறகு என்னை நிக்கச் சொன்னாங்க. ஸ்டூல்ல உக்காரச் சொன்னாங்க. "கடையில எப்படி உக்காந்து வேலை பாப்பீங்க? காமிங்க"ன்னாங்க. தரையில குத்தவச்சு, இல்லாத சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் காமிச்சேன். "வேட்டி எங்க கட்டுவீங்க? கட்டுங்க." கட்டினேன். மடிப்பு எங்கெங்க விழுதுன்னு பாத்துப் பாத்து, கடைசியில தொப்புளுக்கு மேல பக்கவாட்டுல, ஒரு மடிப்பும் விழாத ஒரு இடத்துல பேனாவால வட்டம் போட்டாங்க.

"முதல் ஆபரேசனுக்கு முந்தி இப்படி யாரும் வரைஞ்சு பாக்கலையா?"

"இல்லம்மா. தோளைத் தட்டினாங்க."

சரி, எப்படியும் உள்ள வைக்கப் போறதுதானேன்னு கேட்டேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து என் எதுக்க உக்காந்தாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. "அடிப்பக்கத்தையே எடுத்துத் தச்சிருக்காங்க அண்ணாச்சி. இதைத் திரும்ப வைக்கவே முடியாது. ஒங்க நோய்க்கு அப்படித்தான் செய்யணும், அதுல தப்பு இல்ல. ஆனா இது ஆயுசுக்கும்தான். ஆபரேசனுக்கு முந்தியே தெரிஞ்ச விசயம். வீட்டுல யாருக்காவது கட்டாயம் சொல்லியிருப்பாங்களே?"

வெளிய மரத்தடியில நின்னு அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"எதுக்குண்ணே மறைச்ச?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியாலே? கச்சை கச்சைன்னு நின்னிருப்ப. இந்நேரம் ஒன்னைத் தூக்கிப் போட்டிருக்கணும்."

"சரிண்ணே. அது என் உயிருக்காக. பொங்கலுக்கே சல்லடத்தைப் பிடிக்கக் குடுத்தது யாருக்காக?"

அண்ணன் போனை வச்சுட்டாரு.

பிள்ளைகளா, பெரியப்பா வீட்டுக்கு நான் ஏன் போறது இல்லன்னு கேட்டீங்கல்ல, இதான். என் உயிரு அவரால மிஞ்சுனது நிசம். அவரு என்னை ஏமாத்துனதும் நிசம். ஒண்ணை வச்சு இன்னொண்ணை என்னால அழிக்க முடியல. அவரு மேல கோவம் இன்னும் இருக்கு. இல்லன்னு எழுதினா சாமிக்கே பொறுக்காது. அதையும் சாமிகிட்டயே விட்டிருக்கேன். நீங்க போங்க, வாங்க. மாசானம் ஒங்க அண்ணன். அவன் ஒரு தப்பும் செய்யல.

ஆவணியில டாக்டரம்மா ஆபரேசன் பண்ணி, வட்டம் போட்ட இடத்துக்கே குடலை மாத்தி வச்சாங்க. புண்ணு ஆறி, கடையைத் திறந்த அன்னைக்கு பேச்சி, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கொடியைப் பாத்துட்டு, "என்னப்பா, இன்னைக்கு வேட்டி ஒண்ணும் காயல?"ன்னு கேட்ட. நான் அப்பதான் குனிஞ்சு பாத்தேன். காலையில கட்டின வேட்டி. அப்படியே இருந்தது. கேட்டது ஒரு நாள். சுடலை அன்னைலருந்து குடுத்துக்கிட்டே இருக்காரு. எப்பவாச்சும் ஒழுகும், நான் என்ன சாமியா. ஆனா மனுசன் மாதிரி உக்காருதேன். பஸ்ஸுல போறேன். டாக்டரம்மாகிட்ட நாள் தவறாமப் போய்க் காட்டுதேன்.

நீ கேட்டதுக்கு இதான்மா பதில். அவரு என் மேல இறங்கி வரல. எனக்காக ஒரு பஸ்ஸுல இருந்து இறங்கி வந்தாரு.

இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சொல்லுதேன். சாமிகிட்டக் கேளுங்க. கும்பிட்டுக் கேக்க முடியலன்னா சண்டை போட்டாவது கேளுங்க, அதுக்கும் காது குடுப்பாரு. டாக்டர்கிட்டயும் கேளுங்க. ஒரு இடத்துல தோளைத் தட்டினா இன்னொரு இடத்துல போய்க் கேளுங்க. வயித்துல பை இருக்குன்னு கோவிலை விட்டு விலகி நிக்காதீங்க. எம் பிள்ளைகளுக்கு மட்டும் தனியா ஒண்ணு: என் நல்லதுக்குன்னு நெனச்சு எதையும் என்கிட்ட மறைச்சிராதீங்க. நான் தாங்குவேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் கடையைப் பூட்டிட்டு கோவிலுக்குப் போனேன். ஒரு ஆளு இல்ல. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு, அண்ணன் திருப்பிக் கேக்கல. சாமி பெட்டியைத் திறந்து சல்லடத்தை எடுத்துப் பாத்தேன். இடுப்புல ரெண்டு பக்கமும் டைலர் பிடிச்ச தையல் இருந்தது. கால்பக்கம் ஒரு மணி அந்துபோய் ஒத்தை நூலுல தொங்கிச்சு. கொடையில ஆடும்போது போயிருக்கும். கண்டுக்காம மடிச்சு வச்சிருக்காங்க.

சுடலைக்கு எதுக்க தரையில குத்தவச்சேன். சட்டைப் பையில கடைச் சாமான் எப்பவும் ரெண்டு கெடக்கும். பிரேக் கம்பியில இருந்து ஒரு இழையைப் பிரிச்சு, மணியைக் கோத்து, குறடால முறுக்கி, மாசானம் காலைக் கிழிக்காம முனையை உள்ள மடக்கி விட்டேன். ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தேன். எல்லா மணியும் சேந்து சத்தம் குடுத்தது. மடிச்சுப் பெட்டியில வச்சுப் பூட்டினேன். எந்திரிச்சு வேட்டியைத் தொட்டுப் பாத்தேன். காஞ்சிருந்தது.