தீ வைக்கக் கை வராத தீக்காவலர்

மரத்தை வெட்டாமலே எடை போடுவதுதான் எங்கள் தொழில். அதை இதுவரை ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. டேப்பும் கையுமாகக் காட்டில் அலைந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போனவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

டீக்கடை விசாரணை

காட்டு மரங்களில் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் எனக்கு உதவியாளர் வேலை. திருப்பதிப் பக்கத்து மலைச்சரிவு ஒன்றில் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் சுற்றி அளப்பேன். அளவிலிருந்து எடை தெரியும். காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரத்துக்குள் இருக்கும்வரை அது காற்றில் கலந்து வெயிலைக் கூட்டாது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சரிவில் பாதிக்குமேல் செம்மரம், நான் பேசுவதோ தமிழ். அடிவாரத்து டீக்கடைக்காரர் என் டேப்பையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்ன விளக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டு டீயை நீட்டினார்.

"செம்மரத்த அளந்துட்டு வெட்டாம எறங்கி வர்ற மொத ஆளு நீதான் நைனா."

ஆள் தேடியது

அந்தச் சரிவுக்குக் கோடையில் தீக்காவல் மாது அண்ணன். அது எரிந்தால் அடுத்த கோடைக்கு அவருக்கு வேலை கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் மகனுடைய ஒற்றை அறையில் போய் உட்கார வேண்டியதுதான்.

முன்பெல்லாம் கூரை வேய ஊரே மலையேறிப் புல் அறுக்கும். இப்போது எல்லா வீடும் மாடி. அறுக்கிற கைகள் கம்பெனிக்குப் போய்விட்டன. அந்த வருடம் மழை ஒரேயடியாகக் கொட்டிப் புல்லை இடுப்பளவு வளர்த்துவிட்டு நின்றுகொண்டது. மாசியில் காய வேண்டியது தையிலேயே காய்ந்து சலசலத்தது. தீ தாண்டாமலிருக்கச் சரிவின் குறுக்கே புல்லை ஒரு பட்டையாகச் செதுக்கி எடுக்க மாது அண்ணன் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் போன் போட்டார். ஒருவன் மட்டும் எடுத்தான்.

"ஷிப்டு மாத்திவுட ஆளு இல்லண்ணா. ஒரு போட்டோ அனுப்பு, இங்கிருந்தே காட்டப் பாத்துக்கறேன்."

மூன்றாவது குச்சி

எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் சாரதா மேடம் சித்தூர்க்காரர். செதுக்க ஆளில்லையென்றால், பனி ஈரம் இருக்கும் காலையில் அந்தப் பட்டையை நாமே எரித்துவிடலாம் என்றார். புல்லில் உள்ள கார்பன் போகும், அடுத்த மழைக்குத் திரும்பி வந்துவிடும். மரத்தில் உள்ளது போனால் வராது. வன அலுவலகத்தில் அனுமதியும் வாங்கிவிட்டார்.

மாது அண்ணனுக்கு மனசு வரவில்லை. பச்சைத் தழையால் தீயை அடித்து அணைத்தே பழகிய கை. முதல் குச்சியைக் கிழித்தார். தன்னையறியாமல் ஊதி அணைத்தார். இரண்டாவதும் அப்படியே. "பயமா இருந்தா குடுங்க மாது, நான் வெக்கறேன்" என்றார் மேடம். "சரே மேடம்" என்று தெலுங்கில் தலையாட்டினாரே தவிர, பெட்டியைக் கொடுக்கவில்லை. மூன்றாவது குச்சி புல்லில் பிடித்தது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராஜம்மா புகையைப் பார்த்து மேலேறி வந்துவிட்டார்.

"தீ வெச்சா ஜெயிலுன்னு வருசா வருசம் மைக்குல கத்துவியே மாமா, இப்ப நீயே கொளுத்திக்கினு கீறியா?"

மேற்கு மூலை

பாறைகள் நிறைந்த மேற்கு மூலையை முடிப்பதற்குள் காற்று எழும்பிவிட்டது. இருந்த நாலு பேரால் தீயைக் கட்டுப்படுத்த முடியாதென்று நிறுத்திவிட்டோம். பங்குனியில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து பெருந்தீ வந்தது. எரித்த பட்டை வரை வந்து, மேலே பற்ற ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. ஆனால் விட்டுப்போன மூலை வழியாக உள்ளே நுழைந்து, மேற்குப் பக்கத்தை எரித்துவிட்டுத்தான் அடங்கியது.

மறுபடி அளக்கப் போனபோது பட்டைக்கு இந்தப் பக்கம் மரங்கள் துளிர்த்திருந்தன. மேற்கில் பெரிய வேங்கை மரங்கள் கரிந்து நின்றன. அவற்றை என்ன செய்வது என்று மேடத்திடம் கேட்டேன். ஒரு மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"செத்துப்போச்சுதான். ஆனா உளுத்து விழற வரைக்கும் உள்ள இருக்கறது முழுசா போவாது. அளவு எடு."

அதிகாரி முன்னால்

சரிவைப் பார்க்க வந்த வன அதிகாரி மேற்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்த பக்கத்தைப் பற்றி மேடம் எவ்வளவோ சொன்னார். எரிந்தது எரிந்ததுதானே என்றார் அதிகாரி. மாது அண்ணன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அடுத்த கோடைக்கும் மாது அண்ணனே காவல் என்று முடிவானது, அவர் கடைசியாகக் கேட்ட ஒரு கேள்வியால்தான்.

"பாதி எரிஞ்சிதுன்னு என்ன நிறுத்திட்டா, மீதிப் பட்டையக் கொளுத்த வர்ற தையில யாரு சார் இருக்கா?"

ஆகக்கூடி, ஒரு காடு எரியாமல் நிற்க வேண்டுமென்றால், நேரம் பார்த்து அதற்குத் தீ வைக்க ஊரில் நாலு பேராவது மிச்சம் இருக்க வேண்டியிருக்கிறது.