திறப்பதற்கு முந்தைய பக்கம்

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வேலை நிரந்தரம் என்ற கடிதத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். சாப்ட்வேர் வெளியாகிற அன்றைக்கு எல்லாரையும் ஹாலில் நிற்கவைத்து லட்டு கொடுப்பார்கள், கூடவே அந்தக் கடிதத்தையும் கையில் கொடுப்பார்கள். சாப்ட்வேர் தள்ளிப்போனால் கடிதமும் தள்ளிப்போகும். அதில் இருந்த வேடிக்கை, என் வேலையே சாப்ட்வேரைத் தள்ளிப்போட வைப்பதுதான். நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேட வேண்டும்.

இதை வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் காலேஜ் வரைக்கும் போனது நான் ஒருவன்தான். அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கா சம்பளம் தராங்க?"

"ஆமாம்மா."

"அப்ப உங்க அத்தைய கூட்டிக்கினு போய் சேத்து வுடு. ஒரே வாரத்துல பர்மனென்ட் ஆயிடுவா."

அப்பா சிரிக்கவில்லை. அவர் காதில் பர்மனென்ட் என்ற சொல் மட்டும் விழுந்திருந்தது. குப்பை லாரியில் கான்ட்ராக்ட் கூலியாகக் கூடை தூக்கித் தூக்கி அவருடைய இடது தோள் போய்விட்டது. சட்டையை மாட்டும்போது அந்தக் கையை வலது கையால் பிடித்து உள்ளே நுழைப்பார். எனக்கு நிரந்தரமானதும் அவர் நின்றுவிட வேண்டும் என்று நானேதான் சொல்லியிருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டுவிட்டார்.

"மேஸ்திரி கிட்ட சொல்ட்டேன்டா. வர மாசத்துலேர்ந்து நான் வரல, பையன் கம்ப்யூட்டர்ல பர்மனென்ட் ஆவுறான்னு."

"இன்னும் ஆகலப்பா."

"ஆயிடும்ல?"

"ஆயிடும்."

மாதம் முடிய அதிக நாள் இல்லை.

கம்பெனி ஹெப்பகோடியில், ஒரு போல்ட் தொழிற்சாலைக்குப் பக்கத்து மாடியில் இருந்தது. அங்கே மெயில் சர்வர் செய்தோம். ஓர் ஆஸ்பத்திரியோ காலேஜோ அதை வாங்கித் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால், அவர்களுடைய ஆட்கள் எந்த பிரவுசரிலிருந்தும் பாஸ்வேர்டு போட்டு மெயில் படிக்கலாம். அப்போது அது புது விஷயம். எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர்கள் ரிப்போர்ட்டுகளை அதில்தான் அனுப்பிக்கொள்ளப் போகிறார்கள் என்று விற்பனைக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீம் லீடர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை சார்தான்.

ஒரு நாள் நான் எனக்கே அனுப்பிக்கொண்ட மெயிலைத் திறந்தபோது திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்தது. நான் மெயிலுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒரு வரிதான் அதை வரவைத்தது. மெயிலில் எழுத்து மட்டும் வர வேண்டும். அதற்குள் கட்டளை இருந்தால் பிரவுசர் அதை எழுத்தாகக் காட்ட வேண்டுமே ஒழிய, அதன்படி ஆடக் கூடாது. அன்று ஆடியது. பெட்டி காட்டுவது விளையாட்டு. அதே இடத்தில் வேறொரு வரி எழுதினால், படிக்கிறவர் உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கியைச் சத்தமில்லாமல் எடுத்து வெளியே அனுப்பிவிடும். அது கிடைத்தவனுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். அவன்தான் இனி அந்த டாக்டர்.

தவறுகளின் பட்டியலில் எழுதிப் போட்டேன். லீடர் தன் மெஷினில் செய்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி செய்தார். வரவில்லை.

"என்ன மேன், உன் மெஷின்ல மட்டும் பேய் வருதா?"

"இப்பவும் வருது சார்."

"இந்த மாதிரி கட்டளைய வடிகட்டறதுக்குன்னே ஒரு ஃபில்டர் எழுதிவச்சிருக்கோம். சும்மனே பயப்படாத. க்ளோஸ் பண்ணு."

க்ளோஸ் பண்ணு என்றால், தவறு இல்லை என்று என் பெயரில் முடித்துவிடச் சொல்கிறார் என்று அர்த்தம். நான் சீட்டுக்குத் திரும்பிப் போனேன். உட்கார முடியவில்லை. கழிவறைக்குப் போனேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப வந்து அனுப்பினேன். பெட்டி வந்தது. மொட்டைமாடிக்குப் போய் போல்ட் தொழிற்சாலையின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வந்து அனுப்பினேன். வந்தது. அவருக்கு வராதது எனக்கு மட்டும் ஏன் வருகிறது என்று புரியாமல் க்ளோஸ் செய்ய என் கை போகவில்லை. மறுநாள் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் பண்றத ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாருங்க."

அலுத்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கறுப்புத் திரையைத் திறந்து, சர்வரோடு நேரடியாகப் பேசும் வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், விஷயம் என்ன என்று.

"இரு இரு. மெயில் எழுதற கம்போஸ் பேஜ் எங்க?"

"அதுல நான் போகல சார். இந்த மெஷின்ல அந்தப் பக்கம் திறக்கறதுக்குள்ள டீ ஆறிடும். புதுசா வந்தவங்களுக்கு இந்த டப்பாதான் குடுத்தாங்க."

அவர் கறுப்புத் திரைக்குக் குனிந்து பார்த்தார். பிறகு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ. வெளிய போறத கழுவி அனுப்புறோம் மேன். உள்ள வர்றத யாரும் தொடவே இல்ல."

ஃபில்டரை எழுதியவர் அதை மெயில் எழுதும் பக்கத்தில் வைத்திருந்தார். அலுவலகத்தில் எல்லாரும் எங்கள் சாப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. அதனால் எல்லாருமே எங்கள் பக்கத்தில் எழுதி எங்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லா மெயிலும் போகும்போதே சுத்தமாகிவிடும். வரும்போது பார்த்தால் சுத்தமாகத்தானே இருக்கும்! அவர் செய்து பார்த்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

"ஊர்ல இருக்கிற திருடன்லாம் நம்ம பேஜ்ல லாகின் பண்ணியா எழுதப் போறான்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்றே ஃபில்டரை மெயில் திறக்கும் பக்கத்துக்கு மாற்றினார். நான் உடைத்தேன். கட்டளையைப் பெரிய எழுத்தில் எழுதினால் நுழைந்தது. அடைத்தார். இல்லாத படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, படம் வராவிட்டால் இதைச் செய் என்று சேர்த்து எழுதினால் நுழைந்தது. அதையும் அடைத்தார். லிங்க்குக்குள் வைத்தால் நுழைந்தது. "இன்னுமா மேன்?" என்பார், ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து பார்ப்பார். எனக்கு வீட்டில் சாப்பிடும்போதும் விரல் தட்டிலேயே எதையாவது தட்டிக்கொண்டிருந்தது. அம்மா கையில் ஒன்று போட்டாள்.

விற்பனைக்காரர் என் சீட்டுக்கே வந்துவிட்டார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ்.

"ஏய் தம்பி, நீ ஒண்ணு கண்டுபிடிச்சா உன் லட்டு ஒரு தினா தள்ளிப் போகுது. கொத்தா?"

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா தேடற? ஸ்வல்ப மெதுவா தேடுப்பா!"

வெள்ளிக்கிழமை மதியம் எனக்குத் தெரிந்த எல்லா வழியும் அடைபட்டிருந்தது. நான் என்ன அனுப்பினாலும் வெறும் எழுத்தாக வந்து அசையாமல் நின்றது. மாலையில் சிடி எழுதி, சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடுவதாக ஏற்பாடு. அதே காலையில் ஹாலில் லட்டு. என் கடிதம் டைப் ஆகி மேலே கையெழுத்துக்குப் போயிருப்பதாக லீடர் சொன்னார்.

"வீட்டுக்குப் போ. கண்ணப் பாரு, செவந்து கெடக்குது. நாளைக்கு நல்ல சட்டை போட்டுட்டு வா."

வீட்டுக்குப் போகிற மெஜஸ்டிக் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலியாக இருந்த சீட்டைக் காட்டி கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேலி பேசினார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் மனம் வாரம் முழுக்கச் செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தது. பாஸ்வேர்டு போடுகிறேன். மெயில்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஒன்றின் மேல் க்ளிக் செய்கிறேன். மெயில் திறக்கிறது. பெட்டி வரவில்லை. சரி. மறுபடி பாஸ்வேர்டு. வரிசை. க்ளிக்.

பஸ் பொம்மனஹள்ளி தாண்டும்போது மனம் அந்த மெயில் வரிசையில் நின்றுவிட்டது.

க்ளிக்குக்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது. அனுப்பியவர் பெயர், விஷயம் இரண்டும் அதில் தெரிகின்றன. அந்தப் பெயரும் வெளியிலிருந்து வருவதுதான். கறுப்புத் திரையில் அதையும் நானே தட்டுகிறேன், எதை வேண்டுமானாலும் தட்டலாம். ஃபில்டரை வைத்தது மெயில் திறக்கும் பக்கத்தில். திறப்பதற்கு முந்தைய பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் பெயருக்குள் ஒரு முறைகூடக் கட்டளையை வைத்துப் பார்த்ததில்லை.

அது சரியாக இருந்தால், டாக்டர் மெயிலைத் திறக்கவே வேண்டாம். உள்ளே நுழைந்து மெயில் வரிசையைப் பார்த்தாலே போதும்.

சில்க் போர்டில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தப் பக்கம் நின்றால் மெஜஸ்டிக் பஸ், ரோட்டைத் தாண்டினால் ஹெப்பகோடி பஸ். புகையும் ஹாரனுமாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திங்கட்கிழமை சொன்னால் என்ன? கடிதம் கையில் இருக்கும். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவார்கள். யார் இதற்குள் பெயரில் வைத்து அனுப்பப் போகிறார்கள்? வாரம் முழுக்கத் தேடிய எனக்கே இப்போதுதான் தோன்றியது. அப்படியும் நினைத்தேன். அப்பா சட்டைக்குள் கையை நுழைப்பதையும் நினைத்தேன். ஒரு மெஜஸ்டிக் பஸ் வந்து போயிற்று. இன்னொன்று வந்தது. அதில் ஏறவும் காலை வைத்தேன். ஒருவேளை நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை எடுத்து, ரோட்டைத் தாண்டினேன்.

சிடி எழுதுகிற மெஷின் பக்கத்தில் லீடரும் விற்பனைக்காரரும் நின்றிருந்தார்கள்.

"போகலயா மேன்?"

"ஒரே ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன் சார்."

விற்பனைக்காரர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். நான் உட்கார்ந்து தட்டினேன். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வரியை வைத்தேன். பிறகு லீடரின் மெஷினில் அவரையே நுழையச் சொன்னேன். அவர் பாஸ்வேர்டு போட்டார். வரிசை வந்தது. அவர் மவுஸைத் தொடுவதற்கு முன் பெட்டி குதித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் விற்பனைக்காரர். "திங்கட்கிழமை சரி பண்ணிக் குடுத்தா ஆகாதா? கஸ்டமருக்கு நான் ஏன் ஹேளலி, என்ன சொல்லட்டும்?"

லீடர் நாற்காலியைத் திருப்பினார். என்னைப் பார்த்தார்.

"ரிலீஸ் இல்லன்னா உன் லெட்டரும் இல்ல. அத நான் மாத்த முடியாது. மேல கேட்டாலும் அடுத்த ரிலீஸுக்குப் பாக்கலாம்னுதான் சொல்வாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி." எழுதிக்கொண்டிருந்த சிடியைப் பாதியில் நிறுத்தி வெளியே எடுத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. "இங்க எங்கெல்லாம் வெளிய இருந்து வர்ற எழுத்தக் காட்டுறமோ, அத்தனையும் பாக்கணும். அட்டாச்மென்ட் பேரு, தேதி, எல்லாம். உக்காரு."

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நினைத்தது சரியாக இருந்ததில் வருகிற சந்தோஷம். அது பஸ்ஸில் ஏறும்வரைகூட நிற்கவில்லை.

அன்றிரவு நான் சொன்னதையெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எத்தினி நாளு ஆவும்?" என்றார்.

"தெரியலப்பா. ஒரு மாசம், ரெண்டு மாசம்."

"தப்பு நீ பண்ணதா?"

"இல்ல. நான் கண்டுபுடிச்சது."

அவர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே யோசித்தார்.

"ஒரு நாள் கழிச்சிக் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு வசதி அந்த வேலையில் உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா உள்ளேயிருந்து, "சும்மா இருய்யா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு மேஸ்திரி வீட்டுக்கு நானும் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மேஸ்திரி வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நுரையைத் துப்பினார்.

"இன்னாபா, ஸ்வீட் பாக்ஸ் எங்க? பையன் பர்மனென்ட்டுன்ன?"

"கொஞ்சம் லேட் ஆவுதாம். நான் வரேன் அதுவரைக்கும்."

"ஒன் எடத்துக்கு ஆள் போட்டாச்சே."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். மேஸ்திரி வாயைக் கொப்பளித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"மார்க்கெட் லாரில ஒருத்தன் கொறையுறான். லோடு ஜாஸ்தி. தாங்குவியா?"

"தாங்குவேன்" என்றார் அப்பா.

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வெள்ளிக்கிழமை இரவு முடிக்காமல் விட்ட அட்டாச்மென்ட்டின் பெயரில் இன்னும் கட்டளையை வைத்துப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதை நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் சந்து முனை வரும்வரை அந்த வரியை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.