பில்டர் பொருந்தாத பிளசர்

அந்த ஆவணி மாதம் முழுவதும் எனக்கு ஒரே எண்ணம்தான். ரயிலைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்போது ரயில் கிடையாது. திருவனந்தபுரத்தில் உண்டு என்பார்கள், அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. கிழக்கே ஆரல்வாய்மொழியைத் தாண்டி, பணகுடி, நாங்குநேரி எல்லாம் கடந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அங்கேதான் சித்தியைக் கட்டிக் கொடுத்திருந்தது. ஆடிக்குச் சித்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்போது சித்தப்பா, அல்வாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "திரும்பி வரும்போ நீயும் கூட வா, ரயில் காட்டுதேன்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

ஆடி முடிந்தது. சித்தி கிளம்பவில்லை. கிளம்பவில்லை என்றால், கிளம்ப மாட்டேன் என்று அவள் சொல்லிவிடவில்லை. பிளசர் சரியாகவில்லை, அவ்வளவுதான்.

பிளசர் என்பது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சித்தியின் அண்ணன், வாங்கிப் போட்டிருந்த பழைய இங்கிலீஷ் கார். மாமா யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மாமாவுக்கு யோசனை. பாட்டாவுக்கு வேறு யோசனை. அம்மாவைப் பெற்ற அந்தப் பாட்டாவுக்கு நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பதுதான் வாழ்க்கை. தலை ஆடி முடிந்து போகிற பெண் பஸ்ஸில் மூட்டையோடு போய் இறங்கக் கூடாது, சம்பந்தி வீட்டுத் தெருவில் பிளசரில்தான் போய் இறங்க வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக இருந்தார். அப்பா கொழும்பில் கடையில் இருந்ததால் நானும் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

வண்டியின் கோளாறு இதுதான். இஞ்சினின் புகை வெளியேற, வண்டி செய்தவர்கள் கனத்த இரும்பில் ஒரே வார்ப்பாக ஒன்று வைத்திருப்பார்களாம். அந்த வெள்ளைக்காரருக்கு வேகப் பைத்தியம். வார்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ நான்கு தனித்தனிக் குழாய்களை வரவழைத்து மாட்டிவிட்டார். பானெட்டைத் திறந்தால் அவை நான்கும் வளைந்து நெளிந்து கீழே இறங்கும். அவை இறங்கும் இடத்தில்தான் ஆயில் பில்டர் இருந்திருக்கிறது. அதற்கு இடம் இல்லை என்று அவர் அதையும் கழற்றிப் போட்டு, ஆயில் வரும் ஓட்டையை ஆணி வைத்து அடைத்துவிட்டார்.

"அழுக்கு ஆயில்ல ஓடுத இஞ்சின், பாதி வழில பேரிங்கு போயிரும். அவ்வளவு தூரம் நம்பிக் கொண்டு போவ முடியாது கேட்டியா?" என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். நாகர்கோவில் லாரி ஷெட்டிலிருந்து ஒரு பில்டரை வாங்கிவந்தார். மூடி போட்ட தகர டப்பா, பெரிய செம்பு அளவு. அதை அந்த நான்கு குழாய்க்கு நடுவே பொருத்துவதுதான் வேலை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் வண்டியிடம் ஓடுவேன். திருநெல்வேலிக்கென்று தைத்த பச்சைப் பாவாடையை டிரங்குப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருப்பேன். ஆடிக் காற்று ஆவணியிலும் ஓயாமல் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து வீசி, தென்னை மட்டைகளை அறைந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருமே ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. பாட்டா வாசலுக்கும் களத்துக்கும் நடப்பார். சித்தி பெருக்கின முற்றத்தையே மறுபடி பெருக்குவாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்து, அடுப்பில் பால் பொங்கியதும் ஓடுவாள்.

முதலில் மாமா டப்பாவைப் பழைய இடத்திலேயே மாட்டினார். அது இரண்டு குழாய்களோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இஞ்சின் கொஞ்சம் ஓடியதும் டப்பா சூடேறி ஆயில் புகைந்தது. பிறகு ஓர் இரும்புப் பட்டையை வளைத்து டப்பாவைக் கீழே இறக்கிப் பார்த்தார். எங்கள் ஊர் வண்டிப்பாதையில் ஒரு கல் தட்டி டப்பா நசுங்கியது. பாதையெல்லாம் கறுப்பு ஆயில். மறுபடி நாகர்கோவில், மறுபடி ஒரு டப்பா. அதைச் சாய்த்து, குழாய்களுக்குச் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு சுற்றி, இடுக்கில் நுழைத்தார். அன்று வண்டி தோவாளை வரை போய்த் திரும்பியது. நான் பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தேன்.

"நாளைக்குப் போவலாமா மாமா?"

"பொறு மக்கா, எங்கயாவது ஒழுகுதான்னு பாக்கட்டு."

மூடியைத் திருகக் கையை உள்ளே விட்டவர் "யம்மா!" என்று அலறிக் கையை இழுத்தார். கயிறு விலகிய இடத்தில் குழாய் பட்டு, முழங்கைக்குக் கீழே நீளமாகத் தோல் வழன்றிருந்தது.

சித்திதான் ஓடிவந்தாள். சுண்ணாம்புத் தெளிநீரில் தேங்காய் எண்ணெயை விட்டு அடித்து, கோழியிறகால் தொட்டுத் தொட்டுப் போட்டாள். நான் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சித்தி, ஒனக்கும் இந்தக் கொழாதான் சுட்டுதா?"

இறகு நின்றுவிட்டது.

"ஒனக்கும் இருக்கே, மேல் கையில. குளிக்கும்போ பாத்தேன். வரிவரியா."

சித்தி நீளக் கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். பட்டணத்து நாகரிகம் என்று தெருப் பெண்கள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். "காட்டு" என்றார்.

"அடுப்புல பட்டது அண்ணே."

"எட்டி, எந்த அடுப்பு மேல்கையில வரிவரியா சுடும்?"

அவள் ரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மா உள்ளேயிருந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பெரிய பெண், என்னை யாரும் தூக்குவதில்லை. அதனால் கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் மாமா முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போய், நீளமான இரண்டு செம்புக் குழல்களோடு வந்தார். குழலுக்குள் மணலை நிரப்பி, அனலில் காட்டி, நெரியாமல் மெல்ல வளைத்தார். ஒரு முனையைச் சித்தி துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றது. டப்பாவை நான்கு குழாய் இருந்த பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, இஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில், எதிர்ப்புற மூலையில் பொருத்தினார். செம்புக் குழல்கள் சுற்றிக்கொண்டு போய் ஆயிலைக் கொடுத்து வாங்கின. இஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிட்டும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. டப்பாவை நானே தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே மாமா" என்றேன். எத்தனை நாள் வீணாகிவிட்டது என்று எனக்கு ஆத்திரம்.

"செஞ்சிருக்கலாம்" என்றார் மாமா. "கம்பெனிக்காரன் வச்ச எடத்துலதான் இருக்கணும்னு பிடிவாதமா நின்னுட்டேன்."

பாட்டா சம்பந்தி வீட்டுக்கு வாழைக்குலையும் பலகாரமும் வண்டியில் ஏற்றினார். சித்தி அவர் காலைத் தொட்டுவிட்டு ஏறினாள். நான் முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில். ஊர்ப்பாதை முடிந்து பெரிய ரோடு வந்தது. கிழக்கே போக வலது பக்கம் திரும்ப வேண்டும். மாமா இடது பக்கம் திருப்பினார்.

"மாமா, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று அவர் தோளில் அடித்தேன்.

"சும்மா இரி மக்கா. இதும் ஒரு வழிதான்."

நாகர்கோவில் வந்தது, போனது. வில்லுக்குறி, தக்கலை. நான் திரும்பித் திரும்பிச் சித்தியைப் பார்த்தேன். அவள் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பது மாதிரி. கடைசியில் ஒரு பெரிய கோட்டைச்சுவர் தெரிந்தது. உள்ளே ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் வண்டி நின்றது. மாமாவின் பட்டாளத்து நண்பர் வீடு. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த டீச்சர் ஒன்றும் கேட்காமல் சித்தியின் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

நான் அந்த அம்மாளிடம் கேட்டேன்: "ரயில் எங்க?"

"ரயிலா? இங்க எங்க மோளே ரயில்!"

நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். யார் சமாதானம் செய்தும் கேட்கவில்லை. சித்தி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தாள். என் அழுகையைப் பார்த்து அவள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமலேயே வண்டியில் ஏறிவிட்டேன்.

வீட்டில் பாட்டா வாசலிலேயே நின்றார். மாமா வண்டியை விட்டு இறங்கும் முன்னாலேயே பாட்டா என்னிடம் கேட்டார்: "என்ன மக்கா, சித்தி வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

"அங்க ரயிலே இல்ல பாட்டா. பெரிய கோட்டைச் செவருதான் இருக்கு. ஒரு டீச்சர் மாமி பழம் தந்தாவ."

பாட்டா முகம் இருண்டது. பத்மநாபபுரம் கோட்டையை அவருக்குத் தெரியாதா? மாமாவின் பக்கம் கையை ஓங்கிக்கொண்டு போனார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவரை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா, அவ கையப் பாத்தியளா? ஒரு நாளாவது பாத்தியளா?"

பிறகு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்த பாட்டா யாரையும் பார்க்காமல் வயலுக்குப் போய்விட்டார். இருட்டும்வரை வரவில்லை.

சித்தி பிறகு டீச்சர் வேலைக்குப் படித்ததும், திருநெல்வேலிக்குத் திரும்பாமலே வாழ்ந்ததும், வெகு காலம் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனதும் எல்லாம் நடந்தன. ஆனால் அடுத்த வாரமே சித்தப்பா வந்து நின்ற காலைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் அல்வாப் பொட்டலம். ஆள் எப்போதும்போல் சிரித்த முகம். மாமா பானெட்டைத் திறந்துவைத்து, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, இன்னும் அனுப்பக் காணோமே?" என்றார் சித்தப்பா பாட்டாவிடம்.

"வண்டி சரியாவல்ல" என்றார் பாட்டா.

"பஸ்ல கூட்டிட்டுப் போறேன். வரச் சொல்லுங்க."

"எம் மகள நான் பஸ்ல அனுப்ப மாட்டேன்."

"எப்ப சரியாகும்?"

பாட்டா வண்டியைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அந்த பில்டரு பொருந்தவே மாட்டேங்குது மாப்ளே. எங்க வச்சாலும் சுடுது. இனி பொருந்தும்னு எனக்குத் தோணல்ல. நீங்க போயிட்டு வாங்க."

எனக்குத் திகைப்பாகிவிட்டது. ஊரில் வழக்கு என்றால் பாட்டா சொல்லே சாட்சி. பொய் சொல்கிறவன் வாயில் புழு விழும் என்று என்னை மிரட்டுகிறவர். பில்டர் பொருந்திவிட்டதே, ஒரு சொட்டு ஒழுகவில்லையே, நானே தொட்டுப் பார்த்தேனே! அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது. மாமா பானெட்டுக்குள் இன்னும் குனிந்துகொண்டார். சித்தப்பா பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தார், அல்வாவைக் கொடுக்காமலேயே. ஒருவருக்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.